முடி உதிர்வு: மருந்தும் மாற்று நடவும்

மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு தலையில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு சுழற்சியில் இயங்குகிறது. வளர்ச்சிப் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். அப்போது முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அடுத்து வரும் சுருங்கும் பருவம் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். பிறகு சுமார் மூன்று மாத ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி உதிர்கிறது, அதே மயிர்க்காலிலிருந்து புதிய முடி கிளம்புகிறது.

எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது மயிர்க்கால்கள் வளர்ச்சியிலும் மீதி பெரும்பாலும் ஓய்விலும் இருக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பிலும் குளியலறையிலும் கிடக்கும் முடியை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு கட்ட முடியாது.

வெளியே தெரியும் முடி உயிரற்ற கெராட்டின் புரதம். உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலில்தான். அது ஓய்வில் இருக்கிறதா, சுருங்கிக்கொண்டிருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தே எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பது அமைகிறது.

எல்லா முடி உதிர்வும் வழுக்கையில் முடியுமா?

முடியாது. திடீரெனக் கைநிறைய முடி கொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதுதான். டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடு ஆகியவை இதைத் தூண்டும். பிரசவத்துக்குப் பிறகும் இது நடக்கிறது. கருவுற்றிருக்கும்போது கூடுதலாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முடிகளை வளர்ச்சிப் பருவத்திலேயே நிறுத்தி வைக்கிறது. பிள்ளை பிறந்ததும் அந்தப் பிடி தளர்வதால் அவை மொத்தமாக ஓய்வுக்குப் போகின்றன.

ஓய்வு மூன்று மாதம் என்பதால், காய்ச்சல் வந்தபோது கொட்டாத முடி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிறது. அதற்குள் காய்ச்சலே மறந்துபோயிருக்கும். பழி புதிதாக மாற்றிய ஷாம்பூவின் மேல் விழும். உண்மையில் முடி உதிரும் அந்த நாட்களில் உள்ளே புது முடி ஏற்கெனவே முளைவிட்டிருக்கும். பெரும்பாலோருக்கு ஆறு மாத அளவில் உதிர்வு தானாக அடங்குகிறது. அந்தச் சமயத்தில் எந்த எண்ணெய் தடவப்பட்டதோ, எந்த மாத்திரை விழுங்கப்பட்டதோ, பெயர் அதற்குக் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டால் ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை தேவை.

புழுவெட்டு இதிலிருந்து வேறுபட்டது. காசளவு வட்டமாக, வழவழவென்று முடி போய்விடும். இதற்குப் புழுவோ பூச்சியோ காரணமல்ல. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. மயிர்க்கால் முடங்குகிறதே தவிர அழிவதில்லை. அதனால் சிறிய திட்டுகளில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானே திரும்புகிறது. திட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான சிகிச்சை. தலை முழுவதும் பரவிய கடுமையான நிலைக்கு ஜேக் தடுப்பான்கள் என்ற புதிய மருந்து வகை வந்திருக்கிறது. அவற்றில் முதலாவதான பாரிசிட்டினிபுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் ஒப்புதல் அளித்தது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம்.

குழந்தைகளின் தலையில் செதிலும் முடி உடைந்த திட்டும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். களிம்பு மட்டும் போதாது; பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருப்பதால் உட்கொள்ளும் மருந்து வேண்டும். முடியை ஆண்டுக்கணக்கில் இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோரத்தில் முடி போகும். பின்னலைத் தளர்த்தினால் தொடக்கத்தில் அது திரும்பும். காலம் கடந்தால் திரும்பாது.

இவற்றில் மிகவும் அவசரமானது தழும்பு ஏற்படுத்தும் வகை. லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூப்பஸ் போன்ற நோய்களில் அழற்சி மயிர்க்காலையே அழித்து அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகிறது. அரிப்பு, எரிச்சல், சிவப்பு, மயிர்த்துளையே தெரியாமல் பளபளக்கும் தோல் ஆகியவை இதன் அறிகுறிகள். போன மயிர்க்கால் திரும்பாது என்பதால் மீதியைக் காப்பாற்ற உடனே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை நோயை உறுதி செய்யும்.

வழுக்கை ஏன் விழுகிறது?

பரம்பரை வழுக்கையில் மயிர்க்கால் சாவதில்லை, சுருங்குகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் வளர்ச்சிப் பருவம் குறுகி, முடி மெலிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியாகிவிடுகிறது. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் இது தொடங்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு அகன்றுகொண்டே போகும்.

இதில் ஆண் ஹார்மோனுக்குள்ள பங்கை அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் நிறுவினார். பருவமடையும் முன்பே விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரை உள்ளவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. ஹார்மோன், பரம்பரை இரண்டும் சேர வேண்டும் என்பது தெளிவானது. ஹாமில்டன் வகுத்த வழுக்கை அளவுகோலை நார்வுட் 1975இல் திருத்தினார். அந்த ஏழு நிலைகளையே மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெண்களுக்கு லுட்விக் 1977இல் மூன்று நிலைகளை வகுத்தார்.

எந்த ஹார்மோன் என்பதற்கான தடயம் கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் கிடைத்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணைப் போலத் தோன்றி, பருவ வயதில் ஆண் உடலமைப்பைப் பெற்றார்கள். ஜூலியான் இம்பராடோ-மெக்கின்லியின் குழு 1974இல் அதன் காரணத்தை வெளியிட்டது. டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக, சுருக்கமாக டி.எச்.டி.யாக மாற்றும் ‘5-ஆல்ஃபா ரிடக்டேஸ்’ என்ற நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகும் அவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை, புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. மயிர்க்காலைச் சுருக்குவது டி.எச்.டி. என்பதை இது காட்டியது.

வழுக்கை தாய்வழித் தாத்தாவிடமிருந்து மட்டுமே வரும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்தே வழுக்கையைத் தீர்மானிக்கின்றன. அவை இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன.

ஹெல்மெட், உப்புத் தண்ணீர், அடிக்கடி தலைகுளிப்பது ஆகியவை பரம்பரை வழுக்கையை உண்டாக்குவதில்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி உடைய வைக்கலாம். மயிர்க்காலை அது தொடுவதில்லை. மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் தோற்றம்தான். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது. மயிர்க்காலின் எண்ணிக்கை மாறுவதில்லை.

மினாக்சிடில் எப்படி வேலை செய்கிறது?

மினாக்சிடில் உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக அமெரிக்காவில் 1979இல் விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, தலையில் தடவும் 2 சதவீதக் கரைசலை அப்ஜான் நிறுவனம் உருவாக்கியது. 1988இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 5 சதவீதக் கரைசல் 1997இல் வந்தது.

மருந்து தலைத்தோலில் உள்ள ஒரு நொதியால் மினாக்சிடில் சல்ஃபேட்டாக மாறிய பிறகே வேலை செய்கிறது. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பலன் குறைவு. மருந்து ஓய்விலுள்ள மயிர்க்காலை விரைவில் வளர்ச்சிக்குத் தள்ளி, வளர்ச்சிப் பருவத்தை நீட்டுகிறது. இதனால் தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். புதிய முடி பழையதை வெளியேற்றுவதே இது. பயந்து நிறுத்துபவர்கள் பலன் தொடங்கும் நேரத்தில் விலகிவிடுகிறார்கள். பலனைக் கணிக்கக் குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும்.

மருந்து டி.எச்.டி.யைத் தடுப்பதில்லை. அதனால் நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் போய்விடும். அரிப்பு, செதில், முகத்தில் முடி ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சிறிதளவு மினாக்சிடில்கூடப் பூனையைக் கொல்லக்கூடும். குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையையும் இப்போது தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அது ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஃபினாஸ்டரைடு ஆபத்தானதா?

டி.எச்.டி.யை உருவாக்கும் நொதியைத் தடுக்கும் மாத்திரை ஃபினாஸ்டரைடு. 5 மில்லிகிராம் அளவில் புராஸ்டேட் வீக்கத்துக்கு 1992இலும், 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கு 1997இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ரத்தத்தில் டி.எச்.டி.யின் அளவை இது சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. இரண்டாண்டு ஆய்வில் மருந்து எடுத்த ஆண்களில் 83 சதவீதத்தினர் இருந்த முடியைத் தக்கவைத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதத்தினரே தக்கவைத்தார்கள். உச்சியில் பலன் அதிகம், நெற்றியோரத்தில் குறைவு.

பாலுணர்வு குறைதல், விறைப்புக் கோளாறு போன்ற பாலியல் பக்கவிளைவுகள் தொடக்க ஆய்வுகளில் 3.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் ஏற்படக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் எச்சரித்தது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மனநிலை மாறினால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. அளவை ஃபினாஸ்டரைடு ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்தி ஒரு மாதம் வரை ரத்ததானம் செய்யலாகாது. இதைவிட வலுவான டூட்டாஸ்டரைடை வழுக்கைக்கு அனுமதித்த நாடுகள் தென்கொரியா, ஜப்பான் போன்ற சில மட்டுமே.

எண்ணெய், பயோட்டின், பி.ஆர்.பி. பலன் தருமா?

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. முடி உடையாமல் இருக்க அது உதவும். மயிர்க்கால் சுருங்குவதைத் தடுக்கும் ஆற்றல் எந்த எண்ணெய்க்கும் நிரூபிக்கப்படவில்லை.

பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் அதைத் தெரிவிப்பது உயிர் காக்கும் விஷயம்.

பி.ஆர்.பி. என்பது ஒருவரின் சொந்த ரத்தத்தைச் சுழலவிட்டு, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துத் தலைத்தோலில் ஊசியால் செலுத்துவது. சில ஆய்வுகள் முடியின் அடர்த்தி கூடியதாகக் காட்டுகின்றன. தயாரிக்கும் முறையும் அளவும் இடத்துக்கு இடம் மாறுவதால் உறுதி சொல்ல முடியாது. மருந்துக்குத் துணையாகக் கொள்ளலாம், மாற்றாக அல்ல.

மாற்று நடவு எதை அடிப்படையாகக் கொண்டது?

முழு வழுக்கை விழுந்தவருக்கும் பின்னந்தலையிலும் காதோரங்களிலும் முடி நிற்கிறது. அங்குள்ள மயிர்க்கால்கள் டி.எச்.டி.க்குப் பெரிதாக மசிவதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் அவற்றை எடுத்து வழுக்கையில் நட்டுப் பார்த்தார். புதிய இடத்திலும் அவை பழைய இயல்போடு வளர்ந்தன. 1959இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டறிதலே மாற்று நடவின் அடித்தளம். ஜப்பானின் ஷோஜி ஒக்குடா 1939இலேயே தழும்புகளில் முடி நடும் முறையை எழுதியிருந்தார்; போர்க்காலத்தில் அது வெளியுலகை எட்டவில்லை.

ஓரன்ட்ரைக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டுகளை நட்டார்கள். பொம்மைத் தலையில் குத்திய முடிபோல அது கொத்துக்கொத்தாகத் தெரிந்தது. முடி இயற்கையில் ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த சிறு கற்றைகளாக வளர்கிறது என்பதை உணர்ந்து, அந்தக் கற்றையையே அலகாகக் கொண்டு நடும் முறை 1990களில் நிலைபெற்றது. இன்று கிராஃப்ட் என்று மருத்துவமனைகள் கணக்கிடுவது இந்தக் கற்றையைத்தான்.

அதை எடுக்க இரு வழிகள் உள்ளன. எஃப்.யு.டி. முறையில் பின்னந்தலையில் பட்டையாகத் தோலை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டு, நுண்ணோக்கியில் கற்றைகளைப் பிரிக்கிறார்கள். கோடுபோல ஒரு தழும்பு இருக்கும். முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். எஃப்.யு.இ. முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைக்கருவியால் கற்றைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். இதில் புள்ளி புள்ளியான தழும்புகள் இருக்கும். தழும்பே இராது என்ற விளம்பரம் உண்மையல்ல. டி.எச்.ஐ. என்பது பேனா போன்ற கருவியால் நடும் முறை. கற்றையை எடுப்பது எஃப்.யு.இ. வழியில்தான்.

எவ்வளவு முடி கிடைக்கும்?

நாற்றங்காலில் பிடுங்கிய நாற்று அங்கே மறுபடி முளைக்காததுபோல, எடுத்த மயிர்க்கால் பின்னந்தலையில் மீண்டும் வளராது. மாற்று நடவு புதிய முடியை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது. பின்னந்தலை மெலிந்து தெரியாமல் ஒருவரிடம் வாழ்நாள் முழுவதும் எடுக்கக்கூடியது தோராயமாக 6,000 கற்றைகள். முற்றிய வழுக்கை 200 சதுர சென்டிமீட்டர் பரவியிருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கற்றைதான் கிடைக்கும். இயற்கை அடர்த்தியில் அது பாதிக்கும் குறைவு. அதனால் நல்ல மருத்துவர் முன்பகுதிக்கு முதலிடம் தந்து, நெற்றிக் கோட்டை வயதுக்கேற்பச் சற்று உயர்த்தியே வரைவார். தாடியிலிருந்தும் மார்பிலிருந்தும் ஓரளவு கடன் வாங்கலாம். அதன் தன்மை தலைமுடியைப் போல இராது.

சகோதரரின் முடியை நட முடியாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைத் தவிர மற்றவரின் மயிர்க்காலை உடல் நிராகரித்துவிடும். செயற்கை இழைகளைப் பதிப்பதைத் தொற்று முதலிய காரணங்களால் அமெரிக்கா 1983இல் தடை செய்தது.

யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல?

வழுக்கையின் போக்கு ஓரளவு நிலைபெற்றவருக்கும், பின்னந்தலை அடர்த்தியாக உள்ளவருக்கும் ஏற்றது. இருபதுகளின் தொடக்கத்தில் அவசரப்பட்டால், நட்ட முடி முன்னால் நிற்க, அதன் பின்னால் இருந்தது தொடர்ந்து உதிர்ந்து, நடுவில் வெற்றிடம் விழும். அதை நிரப்பக் கையிருப்பு மிஞ்சாது. பெண்களில் பலருக்குப் பின்னந்தலையும் சேர்ந்தே மெலிவதால் தேர்ந்த சிலருக்கே பொருந்தும். புழுவெட்டும் தழும்பு நோயும் தீவிரமாக உள்ளபோது நட்டால் நோய் புதிய முடியையும் தாக்கும். காய்ச்சலால் கொட்டிய முடிக்கு அறுவை சிகிச்சையே தேவையில்லை.

அறுவை சிகிச்சை எவ்வளவு பாதுகாப்பானது?

இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பல மணி நேரம் நடக்கும் சிகிச்சை இது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் உயிரைப் பறிக்கும் விபத்து நேராதென்று சொல்ல முடியாது. சென்னையில் 2016இல் மாற்று நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் சிக்கல் ஏற்பட்டு இறந்தார். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்துக்கு, அட்ரினலின் சேர்த்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். மருந்து ஒவ்வாமையும் நேரலாம். அப்போது உயிரூட்டும் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்த மருத்துவரும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதற்கு நெறிமுறை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோ தோல் மருத்துவரோதான் இதைச் செய்யலாம். பயிலரங்கில் கலந்துகொள்வதும் யூடியூபில் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆகவே, செல்லும் இடத்தில் கேட்க வேண்டியவை: அறுவை செய்யும் மருத்துவரின் பட்டமும் பதிவு எண்ணும் என்ன? துளையிடுவதும் வெட்டுவதும் யார்? அவசர சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு? பதில் தெளிவாக வராத இடத்தில், குறைந்த விலைக்காகத் தலையைக் கொடுக்கக் கூடாது. நீரிழிவு, இதய நோய், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை நோயாளி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நட்ட பிறகு என்ன நடக்கும்?

முதல் சில நாட்களில் நெற்றியில் வீக்கம் இறங்கலாம். நட்ட இடத்தில் பொருக்குத் தட்டும். அதைச் சொறியவோ பிய்க்கவோ கூடாது. பத்து நாளில் மயிர்க்கால் உறுதியாகப் பிடித்துவிடும். இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி உதிரும். இது தோல்வி அல்ல. அதிர்ச்சியில் முடி விழுகிறது, மயிர்க்கால் உள்ளேயே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி கிளம்பி, ஓராண்டில் முழு வடிவம் பெறும். உச்சியில் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். சீழ், கடும் வலி, காய்ச்சல், தோல் கறுத்தல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நட்ட முடி நிலைத்தாலும், அதைச் சுற்றியுள்ள பழைய முடியை டி.எச்.டி. விட்டுவிடுவதில்லை. அதனால்தான் அறுவைக்குப் பிறகும் மினாக்சிடிலையோ, ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடையோ தொடரும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். இருக்கும் மயிர்க்காலைக் காப்பது மருந்தின் வேலை. காலியான இடத்துக்குச் சிலவற்றைக் கொண்டுபோவது அறுவையின் வேலை. மருந்தால் எவ்வளவு முடி காக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பின்னந்தலையின் கையிருப்பு மிஞ்சுகிறது. நோயைச் சரியாகக் கண்டறிந்து, மருந்துக்கு ஓராண்டு அவகாசம் தந்து, அதன் பிறகும் தேவைப்பட்டால் அறுவைக்குப் போவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை.